வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ரீட் வால்வு

பட்டறையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு ராஜ்தூத் 350 வந்தது. பெயர்தான் ராஜ்தூத், உள்ளே இருப்பது யமஹா ஆர்டி350. ஸ்லோ நிற்கவில்லை, ஆக்சிலரேட்டரை விட்டால் அணைந்துவிடும். கிளப்பவும் கஷ்டப்பட்டது. கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை கழற்றி மாட்டினேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ரீட் வால்வைக் கழட்டி லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருடா தம்பி" என்றார்.

கூடாரம் போன்ற சின்னக் கூடு, அதன் இரு சரிவிலும் மெல்லிய எஃகு இதழ்கள். ஓர் இதழின் முனை மட்டும் படியாமல் நூலளவு தூக்கி நின்றது. அந்த இடுக்கில் ட்யூப் லைட் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

அந்தக் கோடுதான் எனக்கு யமஹாக்காரர்களின் வேலையைப் புரியவைத்தது. 1970இல் வந்த ஆர்5 வண்டியில் பெட்ரோல் கலவைக்குக் கதவு பிஸ்டனேதான். வேகமாக ஓடும்போது குறை தெரியாது. மெதுவாகப் போகையில், உள்ளே இழுத்த கலவையில் கொஞ்சத்தை இறங்கி வரும் பிஸ்டன் கார்பரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். 1973இல் ஆர்டி350க்கு அதே 347 சிசி, அதே 64 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம் வைத்துக்கொண்டு, கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இந்த இதழ்களைப் பொருத்தினார்கள். இழுத்தால் திறக்கும், தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். திரும்பிப் போக வழி இல்லை என்றானதும் பிஸ்டனிலேயே ஜன்னல் வெட்டிக் கூடுதல் கலவையை உள்ளே விட முடிந்தது. 39 குதிரைத்திறன், ஆறு கியர். 1957இல் ஜப்பானின் அசாமா பந்தயத்தில் 250 சிசி பிரிவை வென்ற நாளிலிருந்து இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர்கள் அல்லவா!

1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இந்த வண்டியை ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே தயாரிக்கத் தொடங்கியபோது மைலேஜுக்காக அந்த 39 குதிரைத்திறனை 30.5க்கு இறக்கினார்கள். முன் டிஸ்க் பிரேக்குக்குப் பதில் ட்ரம். பவர் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இப்படிப் பாயும் வண்டிக்கு டிஸ்க்கை எடுத்திருக்கவே கூடாது.

சரி, புது இதழ்களை மாட்டி ஸ்க்ரூக்களை இறுக்கினேன். அண்ணன் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றச் சொன்னார். ஸ்க்ரூ கழன்று வராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டை நான் போடவில்லை. அந்த ஸ்க்ரூ ஒன்று கழன்றால் நேராக இன்ஜினுக்குள்தான் போகும். ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு வைத்து, மறுபடி இறுக்கினேன். கூட்டை இன்னொரு தடவை லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். இருட்டாக இருந்தது. அப்புறம்தான் மாட்டினேன். இரண்டாவது கிக்கில் கிளம்பி, கை எடுத்த பிறகும் ஸ்லோவில் நின்றது.