வீட்டுக்கல்விப் பிள்ளையின் பத்தாம் வகுப்பு ஆண்டு

வீட்டிலேயே படிக்கும் பிள்ளை என்.ஐ.ஓ.எஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) வழியாகப் பத்தாவது எழுதப் போகிறதா? வயது 14 நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 5 பாடம், அதில் ஒரு மொழி கட்டாயம். ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டு செல்லும், 9 வாய்ப்பு உண்டு. தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என இருமுறை. சுலபமான இரண்டை முதலில் முடித்தால் கணக்குக்கும் அறிவியலுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பலர் சறுக்குவது டி.எம்.ஏ என்கிற, வீட்டில் எழுதி ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றும் ஒப்படைப்பில். எழுத்துத்தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான்! கடைசி நாள்வரை வைத்திருந்தால் ஸ்கேன் மங்கும், கோப்பு ஏறாது. வாரத்துக்கு ஒரு பாடம் எழுதி, அன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்விலும் தேர்ச்சிக்குத் தனியாக 33 சதவீதம் வேண்டும். அது எழுத்துத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும். யூடியூப் பார்த்துப் பிப்பெட் (திரவத்தை அளந்தெடுக்கும் குழாய்) பிடிக்க வராது. படிப்பு மையத்தின் நேரடி வகுப்புத் தேதிகளை இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன், ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில்தான் நம் ஊரில் வில்லங்கமே.