மிலிட்டரி வக்கீல்

அம்பாசமுத்திரம் கோர்ட்டுப் பக்கம் எங்க அண்ணாச்சியின் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மிலிட்டரி வக்கீல்' என்றால் டீக்கடைக்காரரே வழி சொல்லிவிடுவார். ராணுவத்தில் 15 வருஷம் முடித்து பென்ஷனோடு வந்தவர், பேங்க் வாசலில் துப்பாக்கி பிடிக்கப் போகாமல் திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். கூடப் படித்த பயல்களுக்கெல்லாம் அவருடைய பிள்ளைகளின் வயசுதான்.

பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு, செக் கேஸ். தினசரிப் பிழைப்பு இதுதான். ஆனால் எல்லையில் நிற்கிற பையனின் நிலத்தில் பங்காளி கேஸ் போட்டால் அண்ணாச்சி முகமே மாறிவிடும். வாய்தாவுக்கு வர லீவு கிடைக்காதே! அதற்கென்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 28 இருக்கிறது. லீவு கிடைக்காத சிப்பாய், தன் மேலதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அப்பாவையோ வேறு ஒருவரையோ தனக்குப் பதிலாக வழக்கு நடத்தச் சொல்லலாம். 1925-ல் வந்த ஒரு சட்டமும் உண்டு. போர்முனை மாதிரி இடத்தில் இருப்பவர் மேல் உள்ள வழக்கை அது தள்ளிவைக்க வைக்கும். ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்கிறீர்கள்?

ஊனமுற்ற ராணுவத்தினரின் பென்ஷன் மனுவுக்கு அவர் ஃபீஸ் வாங்குவதில்லை. அந்த மாதிரி ராணுவத்தினர் வழக்குகளை விசாரிக்கும், சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக பஸ் காசுகூட சில சமயம் அவர் கையிலிருந்துதான். "வக்கீல் வீட்டுக்கு வாழைத்தார்தான் வருது, ரூவா வரலியே" என்று மதினி புலம்புவார். நியாயம்தான்.

உங்க வீட்டுப் பையன் பட்டாளத்தில் இருந்து, கோர்ட் நோட்டீஸும் வந்திருந்தால், அதைப் பரணில் போட்டு வைக்காதீங்க. முதல் வாய்தாவுக்கு முன்னாலேயே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்க.