எலிக் காது வைத்த வேட்டு: இரண்டாவது முறை பிஎச்.டி நேர்காணல் தேறிய அனுபவம்

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. அம்மாவிடம் சொன்னால், "ஏன்டி, எலிக் காதைப் படிக்கவா மாசாமாசம் பணம் தராங்க?" என்கிறாள். சத்துவாச்சாரி மொட்டை மாடியில் இரண்டு வருஷம் வெந்ததற்கு அவ்வளவுதான் மரியாதை.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பழைய வினாத்தாள் போட்டுப் பார்த்தால் போதும். என்னைக் கவிழ்த்தது நேர்காணல். போன வருஷம் எம்.எஸ்சி ப்ராஜெக்ட் எலியின் உள்காது வளர்ச்சி என்று தைரியமாகச் சொன்னேன். "காக்ளியாவில் ஏட்டோ1 முதலில் எங்கே தெரியும்?" என்றார்கள். காக்ளியா என்பது உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட, ஒலியைக் கேட்கும் பகுதி. ஏட்டோ1 என்பது ஹேர் செல்லை, அதாவது ஒலியை உணரும் செல்லை, உருவாக்கும் மரபணு. சுருளின் நுனியில் என்றேன். செல் பிரிதல் முதலில் நிற்பது அங்கேதானே, அப்போ ஹேர் செல்லும் அங்கேதானே முதலில் உருவாகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். கேள்வி கேட்ட மேடம் பேனாவை மூடி வைத்தார். காட்பாடியில் இறங்கும் வரை எனக்கு அந்தப் பேனா மூடிய சத்தம்தான்.

விஷயம் இதுதான், இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். காக்ளியாவில் இரண்டு அலைகள், எதிரெதிர்த் திசையில். கருவின் சுமார் 12.5-ஆம் நாளிலிருந்து 14.5-க்குள் செல் பிரிதல் நுனியில் தொடங்கி அடிப்பக்கம் வரை நின்றுவிடும், பிரிவதை நிறுத்த வைக்கும் பி27 புரதமும் அதே வரிசையில் ஏறும். ஏட்டோ1 தெரிந்து ஹேர் செல்லாக மாறுவதோ அடிக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி நுனியை நோக்கிப் போகும். ஆக நுனியில் இருக்கும் செல் முதலில் பிரிவதை நிறுத்திவிட்டு, கடைசியில்தான் ஹேர் செல் ஆகிறது. நான் இதை ரத்தினகிரி மலைக்கோயில் படிக்கட்டாக நினைத்துக்கொண்டேன்: கடைகளை மேலிருந்து கீழாகச் சாத்திக்கொண்டு வருகிறார்கள், விளக்கேற்றுபவர் கீழிருந்து ஏறுகிறார், உச்சிக் கடைக்காரர் சாத்திவிட்டு ரொம்ப நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் சிரிப்பீர்கள், மறக்க மாட்டீர்கள்.

இவையும் கேட்டார்கள் (பாக்ஸ்2, சாக்ஸ்2 இரண்டும் காது வளர்ச்சியில் வேலை செய்யும் மரபணுக்கள்; எங்கே, எப்போது தெரியும் என்பதே கேள்வி):

- பாக்ஸ்2: சுமார் 8.5-ஆம் நாளில், காது வரப்போகும் தடித்த தோல்பகுதியில்.
- சாக்ஸ்2: முதலில் உணர்பகுதி முழுவதும், பிறகு ஹேர் செல்லில் குறைந்து, ஹேர் செல்லைத் தாங்கி நிற்கும் சப்போர்ட்டிங் செல்லில் தங்கும்.
- ஏட்டோ1 இல்லாத எலி: ஹேர் செல்லே வராது. 1999-இல் காட்டினார்கள்.
- பி27 இல்லாத எலி: செல்கள் நிற்காமல் பிரியும், கூடுதல் செல் இருந்தும் காது கேட்காது.
- மயோசின் 7ஏ: ஹேர் செல்லில் இருக்கும் புரதம், அதற்கு அடையாளம். இதில் பழுதானால் ஷேக்கர்-1 எலி, அதாவது தலையை ஆட்டிக்கொண்டு சுற்றும் செவிட்டு எலி.
- எலிக்குக் காது கேட்கத் தொடங்குவது பிறந்து சுமார் 12 நாள் கழித்து. மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே.

கடைசி வரியை லேசாக நினைக்காதீர்கள், அதிலிருந்துதான் அடுத்த கேள்வி: "அப்படியானால் பிறந்த எலிக்குட்டியை வைத்து என்ன படிக்கலாம்?" மனிதனில் கருப்பைக்குள்ளேயே முடிந்துவிடும் வளர்ச்சியில் ஒரு பகுதி, எலியில் பிறந்த பிறகும் கண்முன்னே நடக்கிறது என்றேன். மேடம் தலையாட்டினார். அதே மேடம்தான்!

இன்னொன்று. திசுவில் ஒரு மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க இரண்டு வழி: இன் சிட்டு காட்டுவது எம்ஆர்என்ஏ (மரபணுவின் நகல்), ஆன்டிபாடி காட்டுவது அதிலிருந்து உருவான புரதம். படத்தைக் காட்டினால் முதலில் எது என்று கேளுங்கள், கேட்பதால் மார்க் குறையாது. செக்‌ஷன் படத்தை நாலு நாளுக்கு ஒருமுறை பார்க்காமல் வரைந்து பாருங்கள், மூன்று வரிசை வெளி ஹேர் செல், ஒரு வரிசை உள் ஹேர் செல். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, அதனால் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். யாராவது பேசினால் எனக்குப் பாலாறு மாதிரி மண்டை காய்ந்துவிடும்.

நோட்டு வேண்டுமென்றால் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் கேளுங்கள், அப்புறம் மூட்டை கட்டிவிடுவேன். படங்கள்தான் உதவும், கையெழுத்து எனக்கே புரியாது.