சீனத் தோழிக்கு லிப்ஸ்டிக் வாங்கப் போய்

சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழிக்குப் போன வருடம் பிறந்தநாள் வந்தபோது, நான் தினமும் போடுகிற பழுப்பு நிற நியூட் லிப்ஸ்டிக்கையே (உதட்டின் சொந்த நிறத்தோடு ஒத்துப்போகிற ரகம்) புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அதைவிட நல்ல நிறம் உலகத்தில் கிடையாது என்ற நம்பிக்கையில். ஆசையாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தது. பதிலுக்கு அவளுடைய நியூட்டை நான் போட்டேன். சுண்ணாம்பு அப்பிய உதடு. இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் சிரித்துத் தீர்த்தோம்.

இந்த வருடம் அவளுக்குக் கல்யாணம். "சிவப்பு நீதான் பார்த்துத் தரணும்" என்றாள். பழைய பாவத்துக்குப் பரிகாரம் என்று நானும் ஒத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சீன, கொரிய, ஜப்பானிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

சீன வீடியோக்களில் மூச்சுக்கு மூச்சு வருகிற சொல் 'ஷியென் பாய்'. முகத்தை வெள்ளையாக எடுத்துக்காட்டும் நிறம் என்று அர்த்தம். நம் ஊரில் 'இந்தப் புடவை உனக்குக் கலர் கொடுக்குது' என்று சொல்கிற அத்தைகள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். எனக்கு இந்த அளவுகோலே பிடிக்கவில்லை. வெள்ளையாகத் தெரிவது வேறு, முகம் தெளிவாகத் தெரிவது வேறு.

ஜப்பானில் தோலுக்கு அடியில் ஓடும் சாயலை வைத்து எல்லோரையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்: மஞ்சள் அடிநிறம், நீல அடிநிறம். கொரியாவில் நான்கு பருவங்களின் பெயரில் நான்காகப் பிரிக்கிறார்கள். மேக்கப் இல்லாமல் உட்காரவைத்து, கழுத்தடியில் வண்ணத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, நீ வசந்தம், நீ கோடை என்று சொல்வதற்கென்றே தனி நிலையங்கள் இருக்கின்றன. அந்தப் பருவப் பெயர் ஜாதகத்தில் ராசி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஆனால் துணியை மாற்றும்போது அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்பது உருப்படியான விஷயம். துணியைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கருமை கூடுகிறதா, வாயைச் சுற்றி நிழல் விழுகிறதா, பல் மஞ்சளடிக்கிறதா என்று. லிப்ஸ்டிக்குக்கும் இதேதான். நாம் உதட்டையே முறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

கிழக்காசியத் தோல் என்றாலே மஞ்சள், அதனால் ஆரஞ்சு, பவளம் மட்டும்தான் போடவேண்டும் என்பது சோம்பேறித்தனமான அறிவுரை. மெலனின், இரத்தத்தின் சிவப்பு, கரோட்டின் மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு அளவில் கலந்துதான் தோலின் நிறம் வருகிறது. மஞ்சளோ ஆலிவ் பச்சையோ நிறையப் பேருக்கு உண்டுதான், ஆனால் ரோஜா நிறம் ஓடும் முகங்களும் அங்கே தாராளம். என் தோழி வெளுப்பு, ஆனால் அடியில் லேசான பச்சை. மணிக்கட்டு நரம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதை நம்பவேண்டாம், அறையின் விளக்கை மாற்றினால் நரம்பின் நிறமும் மாறும்.

நிஜமான வில்லன் வெள்ளை. பால் கலந்த மாதிரி இருக்கும் பிங்க், பீச் ஷேடுகளில் பொதுவாக டைட்டானியம் டையாக்சைடு தூக்கலாக இருக்கும். ஒளி ஊடுருவாத வெள்ளை அது. மஞ்சளோ பச்சையோ கலந்த தோலில் அது ஒட்டாமல் தனியாக நிற்கும். கொரியர்கள் இதற்கு நிறம் 'மிதக்கிறது' என்பார்கள், சரியான வார்த்தை. ஆக, பிங்க் மேல் தப்பில்லை. அதே பிங்க்கை ஊடுருவித் தெரிகிற டின்ட்டாகப் போட்டால் பலருக்கு அழகாக உட்காரும். ஜப்பானில் குசும்பாப் பூவிலிருந்து எடுக்கும் 'பெனி' என்ற பழைய உதட்டுச் சாயம் இதற்கு நல்ல உதாரணம். டோக்கியோவில் இசேஹான் ஹோன்டென் என்ற கடை 1825-இலிருந்து இருக்கிறது, இன்றும் செய்கிறார்கள். வெள்ளை கலக்காத சாயம் என்பதால் போடுகிறவரின் உதட்டு நிறத்தோடு சேர்ந்து ஆளுக்கு ஒரு சிவப்பாகத் தெரியும். எத்தனையோ பூச்சு ஏற்றினால் பொன்வண்டு போலப் பச்சையாக மினுங்கும் என்பது தனி வேடிக்கை.

டின்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கறை பிடிக்கும் சில சாயங்கள் உதட்டின் அமிலத்தன்மையைப் பொறுத்து நிறம் மாறும். கடையில் பவளமாக இருந்தது, மேலே உள்ளது அழிந்தபின் பளீர் பிங்க்காக மிஞ்சும். கடையில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வந்து வாங்குங்கள். உள்ளுதட்டில் அழுத்தமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் போடுகிற கொரிய ஸ்டைல் இருக்கிறதே, அதை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, அட, வெற்றிலை போட்ட வாய்!

சரி, கல்யாணச் சிவப்பு. பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்து மரியாதை செய்யும் தேநீர்ச் சடங்குக்கு அவள் உடுத்துவது 'குவா', செக்கச்சிவந்த பட்டில் பொன்னிழையால் டிராகனும் பீனிக்ஸும் பூவேலையாகத் தைத்த உடை. மேக் கம்பெனியின் ரூபி வூ என்ற ஷேடை முதலில் போட்டோம். நீலம் ஓடும் சிவப்பு, பல்லெல்லாம் முத்தாகத் தெரிந்தது, ஆனால் முகத்துக்கு முன்னால் உதடு மட்டும் நடந்து வந்தது. அப்புறம் கொரியாவிலும் சீனாவிலும் பேர்பெற்ற மேக் சில்லி, செங்கல் நிறம். கடையில் பிரமாதம். வெளியே வெயிலில் போய் நின்று, போனில் இருந்த குவா படத்தைக் கன்னத்தோரம் பிடித்துப் பார்த்தால், அவ்வளவு பளீர் சிவப்புக்குப் பக்கத்தில் செங்கல் துருவாகிவிட்டது. அவள் தோலுக்குப் பொருந்தியது, துணிக்குப் பொருந்தவில்லை. கடைசியில் ஆரஞ்சும் இல்லாத நீலமும் இல்லாத நடுச் சிவப்பு ஒன்றை எடுத்து, ஒரே பூச்சு, விரலால் ஒற்றி, ஓரத்தைக் கலைத்துவிட்டோம். கண்ணாடியில் முதலில் அவள் கண்தான் தெரிந்தது. போதும் என்றாள்.

சில்லியை அன்றாட ஆபீசுக்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிறந்தநாள் நியூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், இப்போது என்னிடம் அதே ஷேடு இரண்டு இருக்கிறது.