இருமல் நாட்கள்

பிப்ரவரி 26
சளி டெஸ்ட் ரிசல்ட் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. டிபி இருக்கிறது. டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை. எத்தனையோ பேருடைய சளியை இதே மெஷினில் வைத்திருக்கிறேன். கிருமியின் ஒரு ஜீனில் 81 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு. அதில் மாற்றம் இல்லையென்றால் மருந்து கேட்கும். குப்பியின் மேல் அம்மா பெயரை நானேதான் எழுதினேன்.

பிப்ரவரி 28
அம்மா 41 கிலோ. தினம் மூன்று மாத்திரை.

மார்ச் 1
"செவப்பா போகுதுடி, ரத்தமா?" பாத்ரூமிலிருந்து கத்தினாள். மாத்திரையின் நிறம்மா, ஒன்றுமில்லை என்று நாலு தடவை சொன்னேன்.

மார்ச் 4
டிபி பிரிவிலிருந்து ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். எத்தனை பேர், எத்தனை ஜன்னல், இருமல் எப்போது ஆரம்பித்தது. டிசம்பரில். குழந்தை யாரோடு படுக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. "என்கூடத்தான், பொறந்ததுலேர்ந்து" என்றாள் அம்மா. அவர் எழுதிக்கொண்டார்.

படிக்கும்போது எபிடெமியாலஜி, அதாவது நோய் யாருக்கு எப்படிப் பரவுகிறது என்று பார்க்கிற வகுப்பை, நாங்கள் மதித்ததே இல்லை. தலை எண்ணுகிற வேலை, நிஜமான அறிவியல் செல்லுக்குள்தான் என்று நினைப்பு. என் மெஷினுக்குக் கேட்கத் தெரியாத கேள்வியை அந்த அக்கா பேனாவோடு வந்து கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 7
சித்தி போன். "கொழந்த இருக்குற வீடு, அக்காவ திருவள்ளூருக்கே அனுப்பிடு." ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா எழுந்து போய்த் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள்.

மார்ச் 8
தூக்கமில்லை. சென்னை சேத்துப்பட்டு டிபி ஆய்வு மையத்தின் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். 1956இல் அந்த மையத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு வருடம் சானடோரியத்தில், அதாவது டிபி ஆஸ்பத்திரியில், வைத்தார்கள்: நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதி நெரிசலான தங்கள் வீட்டிலேயே, அதே மருந்தோடு. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. அதோடு விடாமல் அந்த வீட்டு ஆட்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 1966இல் வந்த கட்டுரை அது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து தொடங்கியதும் பரவுவது குறைகிறது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே தொற்றிவிடுகிறது.

எந்த ஜீனையும் பார்க்காமல், திரும்பத் திரும்ப அதே வீடுகளின் படியேறிக் கண்டுபிடித்தது இது. நான் எத்தனை வருடம் டிஎன்ஏவை உற்றுப் பார்த்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது. அம்மா எங்கேயும் போக வேண்டாம்.

ஆனால் முன்பே என்றால்? டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஒவ்வொரு ராத்திரியும் பாப்பாவின் முகம் அம்மா மார்பில்.

மார்ச் 9
தட்டுகளைச் சேர்த்தே கழுவினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 13
அம்மா கையில் ஒரு தழும்பு. சின்ன வயதில் ஊசி போட வண்டியில் வந்தார்களாம், ஊரே வரிசையில் நின்றதாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த பிசிஜி என்ற டிபி தடுப்பூசி ஆய்வாக இருக்குமோ? 1968இல் தொடங்கியது, சுமார் 2,60,000 பேர். 15 வருடம் பார்த்தும் பெரியவர்களுக்கு நுரையீரல் டிபியிலிருந்து தடுப்பூசி பாதுகாப்புத் தரவில்லை. தரவில்லை என்று சொன்னது கிராமத்துக் கணக்கு. ஏன் என்று கேட்டால் லேபுக்குத்தான் வர வேண்டும். மண்ணிலும் நீரிலும் இருக்கும், டிபி கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் காரணம் என்பார்கள். சென்னை நோயாளிகளின் கிருமிகளில் பல கினிப்பன்றியில் வலு குறைந்து காட்டியதை அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். முழு விடை இன்னும் இல்லை.

மார்ச் 15
யாரிடமிருந்து அம்மாவுக்கு?

முன்பு ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு கிருமியில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்து அடையாளம் பிரிப்பார்கள். நம் பக்கத்துக் கிருமிகள் பலவற்றில் அது ஒன்றே ஒன்று, சிலவற்றில் இல்லவே இல்லை. எல்லாம் ஒரே சாயலாகத் தெரியும். இப்போது 44 லட்சம் எழுத்தையும் படிக்கலாம். சராசரியாக இரண்டு மூன்று வருடத்தில் ஓர் எழுத்துதான் மாறும். இரண்டு பேர் கிருமி அச்சாக ஒன்றென்று வந்தாலும் யார் யாருக்குக் கொடுத்தார், எந்த பஸ்ஸில், எந்தத் திண்ணையில்? அதை உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும்.

தாத்தா இருமியே செத்தார். கிருமி உள்ளே நாற்பது வருடம்கூடத் தூங்கும். அவர் சளியை யாரும் எடுத்து வைக்கவில்லை.

மார்ச் 19
பாப்பா எடை கூடவில்லை.

மார்ச் 20
இரண்டு தடவை இருமினாள். எண்ணினேன்.

மார்ச் 23
எக்ஸ்ரேயில் ஏதோ நிழல். குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் வயிற்று நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், மெஷின் இல்லையென்று சொன்னாலும் நம்பிவிட முடியாது. எனக்குத் தெரிந்ததுதான். "வீட்ல யாருக்காவது இருக்கா?" என்றார். அந்த அக்கா எழுதிக்கொண்டு போன வரியை அப்படியே சொன்னேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 24
நாளை காலை வெறும் வயிற்றில் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்ததும் பால் கேட்பாள்.