பத்மினியைத் திருச்சி ஷெட்டுக்கு ஓட்டி வந்த கதை

ஒருவழியாக வண்டி திருச்சி கே.கே. நகர் வீட்டு ஷெட்டில் ஏறிவிட்டது. எண்பதுகளில் வந்த பிரீமியர் பத்மினி, 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் போடும் ஹேண்ட் கியர். சென்னையில் வைக்க இடமில்லாமல் வெயிலிலும் மழையிலும் தெருவிலேயே நின்ற வண்டி. லாரியில் ஏற்றி அனுப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் கடைத்தெரு வரை போய்வரும்போது காட்டாத கோளாறை முந்நூறு கிலோமீட்டரில் காட்டிவிடும், அது என்னவென்று தெரிந்துகொண்டு ஷெட்டில் விட்டால் நிதானமாகச் சரிபண்ணலாம் என்பது என் கணக்கு.

கிளம்பும் முன் அதிகம் வேலை வாங்கியது பெட்ரோல் லைன்தான். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. டேங்க் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன், உள்பக்கம் கரைந்து கறுப்பு மை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லா ஹோஸையும், ஏசி பம்ப்பின் (பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்கு அனுப்பும் பம்ப், ஏர்கண்டிஷனர் இல்லை) உள்ளே இருக்கும் டயாஃபிரம் சவ்வையும் மாற்றினோம். டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாகவே இருந்தது, ஆனாலும் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்க்காமல் யாரும் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். 1214 என்றால் 2014-ஆம் வருஷம் 12-வது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ரப்பர் பழசு, அதனால் நாலு டயரும் புதுசு போட்டாயிற்று.

விடிவதற்கு முன் கிளம்பி மதுராந்தகம், திண்டிவனம் எல்லாம் குளிர்ச்சியில் தாண்டியாயிற்று. அறுபதுக்கு மேல் போகவில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், முன்னால் போகிற புது வண்டி பிரேக் போட்டு நிற்கிற தூரத்தில் இது நிற்காது, அதனால் இடது ஓரமாகவே, நல்ல இடைவெளி விட்டு. பெரம்பலூர் வரைக்கும் டெம்பரேச்சர் முள் அசையவில்லை, அந்தச் சின்ன இன்ஜின் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டு வந்ததைக் கேட்கவே அவ்வளவு சந்தோஷம்!

சமயபுரம் டோல்கேட் வரிசையில்தான் வண்டி திணறி நின்றது. நல்ல வெயில். வண்டி ஓடாதபோது உள்ளே காற்று போகாது, இன்ஜின் சூடு ஏசி பம்ப்பிலும் லைனிலும் ஏறி பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் வராது. மெக்கானிக் அண்ணன் முன்னமே சொல்லியிருந்தார்: "தம்பி, நின்னுச்சுன்னா செல்ஃப் அடிச்சு பேட்டரியைக் காலி பண்ணாதீங்க, ஈரத்துணியைப் போட்டுட்டுச் சும்மா இருங்க." ஓரமாகத் தள்ளி, பானெட்டைத் திறந்து, பம்ப் மேலும் லைன் மேலும் ஈரத்துணி சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். துணி காய்வதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்புறம் கொள்ளிடம், காவிரிப் பாலங்கள் தாண்டி வீடு வரை நிற்கவே இல்லை.

ஷெட்டில் சிமெண்ட் தரை, மேலே ஓடு. தகரம் போட்டிருந்தால் மத்தியானத்தில் அடுப்புதான். பிளாஸ்டிக் கவர் போடவில்லை, அது ஈரத்தைப் பிடித்துவைத்து அடித்தகட்டைத் துருவாக்கும். பருத்தித் துணி போதும். எலி வயரைக் கடிக்காமல் இருக்கக் கதவின் கீழே வலை அடித்திருக்கிறேன்.

மறுநாள் பின் இடது சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. வீல் சிலிண்டர் வாஷர் போய்விட்டது. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே வரும், அதனால் நாலு சக்கரத்துக்கும் வாஷர் கிட் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பம்ப்பில் மறுபடி சூடு ஏறாமல் இருக்க அதற்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு வைப்பதாக இருக்கிறேன்.