பட்டியலில் ஒரு ‘டபிள்யூ’

மதிப்பெண் பட்டியலில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு நேரே, பாடத்தை இடையில் கைவிட்டதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்து.

“இதை எழுதாமல் விட்டுவிடலாமா, சித்தி?” என்று அக்காள் மகள் இன்று தொலைபேசியில் கேட்டாள்.

விட முடியாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான ஏ.எம்.சி.ஏ.எஸ். பொது விண்ணப்பத்தில், இடையில் கைவிட்ட பாடத்தையும் பதிய வேண்டும். கல்லூரி அனுப்பும் அசல் மதிப்பெண் பட்டியலோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஆனால், அது ஜி.பி.ஏ. எனும் சராசரி மதிப்பெண் கணக்கில் சேராது.

ஒன்றிரண்டை யாரும் பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை. பருவந்தோறும் தொடர்ந்தால்தான் கேள்வி எழும்.

5,300 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய தன்விளக்கக் கட்டுரையை இதற்குச் செலவழிப்பது, என்னைக் கேட்டால், வீண். நேர்காணலில் கேட்டால், அந்தப் பருவத்தில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததையும், அடுத்த பருவத்தில் அதே பாடத்தில் ‘ஏ’ வாங்கியதையும் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னேன்.